தொழிலாளர் துறையில் பாபாசாகேப்

தில்லி மாநகரில் கோல் மார்க்கெட் என்று வழங்கும் வட்டச் சந்தை 1921ஆம் ஆண்டில் கட்டப்பெற்றது. ஆங்கிலப் பேரரசு தன் இந்தியத் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக 1911இல் அறிவித்ததன் பயனாக எழுந்த புது நகரத்தில், வீடுகள் யாவும் பதவிக்கேற்ப வகுக்கப்பெற்றன. அரசப் பிரதிநிதிக்கு மாளிகை. உயர் அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களா. குமாஸ்தாக்களுக்கு இச்சந்தையைச் சுற்றிய சிறு குவார்ட்டர்ஸ். கல்லும் மண்ணும் சுமந்த கூலி மக்களுக்கோ குடிசையே கதி. சந்தைக்கு அண்மையில் மந்திர் மார்க் சாலையில் மகாபோதி சங்கத்தின் புத்த விகாரை விளங்குகிறது. அதே சாலையில் துப்புரவுத் தொழிலாளர் வாழும் வால்மீகி குடியிருப்பும் உளது. அவ்விகாரைக்கு மலர் ஏந்திச் செல்லும் தமிழ் அன்பர்கள் மறவாதிருக்க வேண்டிய வரலாறு ஒன்றுண்டு. அதனை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

அந்நகரைக் கட்டிப் பராமரித்து வந்த மத்தியப் பொதுப்பணித் துறை, 1942 முதல் 1946 வரை, தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் தோன்றிய ஒருவரின் பொறுப்பில் இருந்தது. அவரே நம் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்கள். அரசப் பிரதிநிதியின் நிருவாகச் சபையில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக அமர்ந்திருந்தார்.

பாபாசாகேப் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் என்னும் படைமுகாம் ஊரில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் பேரரசின் படையில் சுபேதாராகப் பணிபுரிந்தவர். படையில் பணி உண்டு, பள்ளியில் குடிநீர்க் குழாயைத் தொட உரிமையில்லை. இதுவே அக்குலத்தார் நிலை. பின்னர் அக்குடும்பம் பம்பாயில் பரேல் பகுதிக்குக் குடிபெயர்ந்து, ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழும் சால் எனப்படும் ஒற்றையறை வரிசை வீடுகளில் வசித்தது. பரோடா மன்னரின் உதவிபெற்று 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்திலும், அதன்பின் லண்டனிலும் பொருளாதாரம் பயின்றார். பேரரசின் வரியும் நாணயமும் எவ்வாறு இயங்கின என்பதை ஆராய்ந்து நூல்கள் இயற்றினார். ஆயினும் அவர் அறிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை.

பம்பாய் ஆலைகளில் நூற்புப் பகுதியைவிட நெசவுப் பகுதியில் கூலி அதிகம். ஆனால் நெசவுப் பகுதியில் நம்மவர்க்கு இடமில்லை. காரணம் யாதெனில், நாடாவில் புதிய ஊடைநூலை மாட்டும்போது அதன் முனையை நாடாவின் கண்வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டப்படாதவன் வாய் வைத்த நாடாவில் தாம் வாய் வைப்பதோ என்று சாதித் தொழிலாளர் மறுத்தனர். ஆலையில் உழைத்த நமக்கு இதன் கொடுமை நன்கு விளங்கும். ஒரே முதலாளி, ஒரே சங்கு, ஒரே பஞ்சுத் தூசி. ஆயினும் எச்சில் மட்டும் வேறு! 1928ஆம் ஆண்டின் பெரிய வேலைநிறுத்தக் காலத்தில், இத்தடையை நீக்குவதையும் தொழிற்சங்கம் ஏற்க வேண்டுமென்று பாபாசாகேப் வற்புறுத்தினார்.

இப்பிளவு பம்பாய்க்கு மட்டும் உரியதன்று. சென்னையில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் 1921இல் வேலைநிறுத்தம் மூண்டபோது, ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒருபுறமும் ஏனையோர் மறுபுறமும் நின்றனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. உழைப்போர் பிரிந்து நின்றால் ஆதாயம் யாருக்கு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1936இல் பாபாசாகேப் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார். 1938 சனவரியில் கொங்கணப் பகுதிக் குடியானவரைத் திரட்டி, கோத்தி என்னும் இடைத்தரகு நிலமுறைக்கு எதிராகப் பம்பாயில் ஊர்வலம் நடத்தினார். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள், வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் மசோதாவை எதிர்த்துப் பொதுவுடைமையரோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்.

1942 சூலையில் அவர் தில்லிப் பதவியை ஏற்றார். அந்நியர் அரசில் அமரலாமா என்று பலர் பழித்தனர். அவரோ ஆகஸ்டிலேயே அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பினரையும் ஒரே மேசையில் அமர்த்தும் மாநாட்டைத் தில்லியில் கூட்டினார். 1943 டிசம்பரில் நிலக்கரிச் சுரங்கத்தின் அடிவரை தாமே இறங்கிச் சென்று தொழிலாளர் படும் பாட்டைக் கண்டார். மறு மாதமே சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் பிறந்தது. ஒன்றை மறைத்தல் தகாது. போர்க்காலக் கரிப் பஞ்சத்தைக் காட்டி, பெண்கள் சுரங்கத்துள் இறங்கக்கூடாது என்றிருந்த தடையை அவ்வரசு 1943இல் தளர்த்தியது. சட்டசபையில் அதற்கு விளக்கம் கூறும் பொறுப்பும் அவர்க்கே நேர்ந்தது. 1946 பிப்ரவரியில் தடை மீண்டது.

வேலை நேரத்தின் கதையைக் கேளுங்கள். 1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளை மட்டுமே கருதியது. அதற்கும் லங்காஷயர் ஆலையதிபர்கள் இந்திய ஆலைகள்மீது கொண்ட போட்டியுணர்ச்சி ஒரு காரணமாகும். நெசவாலை ஆண்களுக்கு 12 மணி என்ற வரம்பு வர 1911 ஆயிற்று. 1922இல் நாளொன்றுக்கு 11 மணி, வாரத்திற்கு 60. 1934இல் 10 மணி, வாரத்திற்கு 54. பாபாசாகேப் கொணர்ந்த திருத்தத்தின் பயனாக 1946இல் 9 மணி, வாரத்திற்கு 48 என்றாயிற்று. அதற்கு முன்னரே 1945ஆம் ஆண்டுத் திருத்தம், ஓராண்டு உழைத்தவர்க்குச் சம்பளத்துடன் பத்து நாள் விடுமுறை தந்தது. நோயுற்ற தொழிலாளர்க்குக் காப்புறுதித் திட்டம் வகுக்க 1943இல் பேராசிரியர் அதார்க்கர் அமர்த்தப்பெற்றார். அது 1948இல் சட்டமாயிற்று. குறைந்தபட்சக் கூலி மசோதா 1946இல் அறிமுகமாகி, அதுவும் 1948இல் நிறைவேறியது.

அன்பர்களே! தீக நிகாயத்தில் சிகாலோவாத சூத்திரம் என்றொன்று உண்டு. அதில் பகவன் புத்தர், வேலை வாங்குவோர்க்கு ஐந்து கடமைகளை வகுத்தருளினார். வலிமைக்குத் தக்க வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு, நற்பண்டம் கிடைத்தால் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு. இவற்றை மேற்கூறிய சட்டங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை நேரம், கூலி, மருத்துவம், விடுமுறை என நான்கும் பொருந்தக் காண்பீர். சூத்திரத்தைப் பார்த்தே சட்டம் இயற்றினார் என்று நாம் சொல்ல வரவில்லை. உழைப்பவனும் மனிதனே என்று கொண்டவர் எக்காலத்தும் ஒரே முடிவுக்கு வருவர் என்பதே நம் கருத்து. எஞ்சிய ஒன்று, ஆதாயத்தைப் பகிர்தல். அது இன்றும் நிலுவையில்தான் உள்ளது.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அவர் இலட்சக்கணக்கானோருடன் தம்மம் ஏற்றார். நவம்பரில் காத்மாண்டு உலக பௌத்த மாநாட்டில், புத்தர் வழியையும் கார்ல் மார்க்ஸ் வழியையும் ஒப்பிட்டுப் பேசினார். வறியோர் துயரை ஒழிக்க இரத்தம் சிந்துதல் வேண்டா, மனமாற்றமே நிலைக்கும் என்பது அவர் துணிபு. டிசம்பர் 6ஆம் நாள் தில்லி அலிப்பூர் சாலை இல்லத்தில் மறைந்தார். வாழ்நாளின் இறுதித் திங்களிலும் உழைப்போர் துன்பமே அவர் பேச்சின் பொருளாய் இருந்தது.

ஆதலின், தம்மம் ஏற்றோம், இனித் தொழிற்சங்கம் நமக்கெதற்கு என்று சிலர் கூறுவது பொருந்தாது. நாடாவில் எச்சில் பார்த்த சாதி, இன்று கழிவுநீர்க் குழியில் இறங்க நம்மவரையே தேடுகிறது. 2013இல் தடைச்சட்டம் வந்த பின்னும் குழியில் மூச்சடைத்து மாள்வோர் உளர். பஞ்சசீலத்தின் முதற்சீலம் கொல்லாமை என்றால், கொல்லும் வேலையைத் தடுத்தலும் அதனுள் அடங்கும். விகாரையில் விளக்கேற்றும் கை, ஒப்பந்தத் தொழிலாளியின் கூலிச் சீட்டைப் படித்துக் காட்டவும், அவனைச் சங்கத்தில் சேர்க்கவும் முன்வருதல் வேண்டும். அதுவே பாபாசாகேபுக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.