பறவை மனிதர் சலீம் அலியும் பாறுக் கழுகும்

இந்த இதழில் நாம தெரிஞ்சுக்கப் போறவர், இந்தியாவின் பறவை மனிதர் டாக்டர் சலீம் அலி.

இவர் 1896 நவம்பர் 12 அன்று மும்பையில் பிறந்தார். வீட்டுக்குக் கடைக்குட்டி. ஒரு வயசில் அப்பாவையும், மூணு வயசில் அம்மாவையும் இழந்துட்டார். தாய்மாமன் அமிருதீன்தான் எடுத்து வளர்த்தார். மாமா கொடுத்த ஏர்கன்னை வச்சுக்கிட்டுக் குருவி சுடுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. நம்ம பசங்க உண்டிவில்லோட அலையற மாதிரின்னு வச்சுக்கோங்களேன்!

சுமார் பத்து வயசில் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன பறவைன்னு மாமாவுக்கும் தெரியலை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே மில்லார்டு என்ற வெள்ளைக்காரர் இருந்தார். அவர் சிறுவனைத் திட்டலை, விரட்டலை. அலமாரி அலமாரியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். இத்தனை வகையா என்று சிறுவன் அசந்து போனான். சுடும் கை அன்றிலிருந்து குறிப்பு எழுதும் கையாக மாறத் தொடங்கியது.

கல்லூரிப் படிப்பை அவர் முடிக்கவில்லை. பர்மாவுக்குப் போய்க் குடும்பத் தொழிலைப் பார்த்தார். பட்டம் இல்லாததால் அரசு ஆய்வு வேலை கிடைக்கலை. 1926-இல் மும்பை அருங்காட்சியகத்தில் விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. பிறகு ஜெர்மனி போய் ஸ்ட்ரெஸ்மன் என்ற அறிஞரிடம் பறவையியல் கற்றார். 1930-இல் திரும்பி வந்தால், பணம் இல்லைன்னு அந்த வேலையையே எடுத்துட்டாங்க! அவர் சோர்ந்து உட்காரவில்லை. கிகிம் என்ற கடற்கரை ஊரில் தங்கி, மாதக்கணக்கில் தூக்கணாங்குருவி கூடு கட்டுவதைப் பார்த்துப் பார்த்து எழுதினார். அந்தக் கட்டுரைதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது.

1939-இல் அன்பு மனைவி தெஹ்மினா இறந்தார். அந்தத் துக்கத்திலும் வேலையை விடவில்லை. 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்தது. பின்னாளில் ரிப்ளி என்பவரோடு சேர்ந்து 10 தொகுதிகள் எழுதினார். பட்டப்படிப்பு முடிக்காதவருக்குப் பல்கலைக்கழகங்களே டாக்டர் பட்டம் கொடுத்தன. 1958-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண் கிடைத்தது. 1987 ஜூன் 20 அன்று, 90 வயதில் மறைந்தார்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தைக் காப்பாற்ற, பிரதமர் நேரு வரைக்கும் போய்ப் பேசியவர் சலீம் அலி. அவர் வாழ்ந்த காலத்தில் நாடு முழுக்கப் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக இருந்தன. பிணந்தின்னிக் கழுகு என்று நாம சொல்றோமே, அதுதான். செத்த மாட்டைக் கொஞ்ச நேரத்தில் எலும்பாக்கிவிடும். ஊரைச் சுத்தம் செய்யும் பறவை அது. அது அழியும்னு அன்னைக்கு யாரும் நினைக்கலை.

ஆனால் 1990-களில் அதே பரத்பூரில், கழுகுகள் கழுத்தைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்து, பிறகு செத்து விழுந்ததைச் சலீம் அலி வளர்த்த அதே கழகத்தின் ஆய்வாளர்கள் பார்த்தாங்க. காரணம் 2004-இல் தெரிந்தது. மாட்டுக்கு வலி போகப் போடும் டைக்ளோபினாக் ஊசிதான்! ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடும். சில நாளில் சாவு. மாட்டின் வலி தீரணும்னு ஊசி போட்டவங்களைக் குறை சொல்ல முடியாது. அவங்களுக்கு இது தெரியாதே! 1992-இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்த இடத்தில் 2007-இல் ஒன்றுதான் இருந்தது.

2006-இல் அந்த மருந்தை மாடுகளுக்குத் தயாரிக்க அரசு தடை போட்டது. ஹரியானாவின் பிஞ்சோரில் சலீம் அலியின் கழகம் கழுகுகளை வளர்க்கத் தொடங்கியது. இது லேசான வேலை இல்லை. ஒரு ஜோடி வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு பெரிசாகி முட்டை இட சுமார் ஐந்து வருஷம் ஆகும். அதனால் முதல் முட்டையை எடுத்துக் கருவியில் பொரிக்க வைப்பாங்க. அப்போது தாய் இன்னொரு முட்டை இடும். இப்படி வளர்த்த கழுகுகளில் எட்டை, 2020-இல் முதுகில் சிறு கருவி கட்டி வானத்தில் விட்டார்கள்.

நம்ம தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் கூடு கட்டி வாழுது. திருக்கழுக்குன்றத்தில் தினமும் சோறு தின்ன வந்த கழுகுகள் இப்போது வருவதில்லை. நம்ம தொப்பூர் கணவாய் மேலே வட்டம் போடுவது பருந்து. பாறு வேற, பருந்து வேற. உங்க வீட்டு ஆயாகிட்ட அவங்க காலத்தில் பாறு பார்த்தாங்களான்னு கேட்டு எழுதுங்க, அடுத்த இதழில் போடலாம்.

நண்பர்களே! நம்ம ஊரிலும் வீட்டுக்கு வீடு மாடு இருக்கு. மாட்டுக்கு நோவு வந்தா கால்நடை மருத்துவரிடமே போகணும். கழுகுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் போடுங்கன்னு கேட்கச் சொல்லி அப்பா அம்மாகிட்ட சொல்லுங்க. கூண்டில் எத்தனை கழுகு வளர்த்தாலும், வெளியே விஷ மாடு கிடந்தா அத்தனையும் வீண்தானே?

அப்புறம் அந்த உண்டிவில். அதைக் கீழே போட்டுட்டு ஒரு நோட்டு எடுங்க. பார்த்த பறவையின் பேர், இடம், நேரம் எழுதுங்க. சலீம் அலியும் பத்து வயசில் அப்படித்தான் ஆரம்பித்தார்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தொப்பூர்