அரையிறுதியில் யார் ஜெயிப்பார்? கணிப்பாளர்களுக்கு வேலையே வைக்காத சுசான் லெங்லன்

பெரிய டென்னிஸ் போட்டி நடக்கும்போது உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இது நடக்கும். பெண்கள் ஒற்றையர் பிரிவில் நான்கே பேர் மிச்சம். அரையிறுதியில் யார் ஜெயிப்பார்?

ஒருவர் தரவரிசையைக் காட்டுவார். இன்னொருவர் பழைய ஆட்டங்களின் கணக்கை எடுப்பார். மூன்றாமவர் "மனசு சொல்லுது" என்பார். கடைசியில் மூவரும் தப்பாகச் சொல்லியிருப்பார்கள்.

2019 பிரெஞ்சுப் பொது விருதுப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டி. எதிரில் 17 வயது அமெரிக்கர் அமாண்டா அனிசிமோவா. முதல் செட்டில் பார்ட்டி 5-0 என முன்னணி. ஆட்டம் முடிந்ததென்று தொலைக்காட்சியை அணைத்திருப்பீர்கள். ஆனால் அந்த செட்டை அனிசிமோவா ஜெயித்தார். இரண்டாம் செட்டிலும் 3-0 என முந்தினார். இப்போ அனிசிமோவாதான் என்று கணிப்பை மாற்றியிருப்பீர்கள். அதுவும் தப்பு. பார்ட்டி தொடர்ந்து ஆறு கேம்களை எடுத்து, மூன்றாவது செட்டையும் வென்று, பிறகு விருதையும் தட்டிச் சென்றார்.

அந்த ஆட்டம் நடந்த அரங்கத்தின் பெயர் சுசான் லெங்லன். அங்கே பெண்கள் ஒற்றையர் பிரிவில் வெல்பவருக்குக் கொடுக்கும் கிண்ணமும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

யார் இவர்? சுமார் 100 ஆண்டுக்கு முன், யார் ஜெயிப்பார் என்ற கேள்வியையே தேவையில்லாமல் ஆக்கியவர். ஆனால் அவரை வைத்துப் போட்ட கணிப்பும் ஒரு முறை அரையிறுதியில் கவிழ்ந்தது.

கைக்குட்டையைக் குறிவைத்த சிறுமி

சுசான் 1899ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். சின்ன வயதிலிருந்தே உடல்நலம் சரியில்லை. ஆஸ்துமா தொல்லை. திறந்தவெளியில் ஓடி விளையாடினால் உடம்பு தேறும் என்று அப்பா சார்ல்ஸ் நினைத்தார். 1910இல் ஒரு டென்னிஸ் மட்டையை வாங்கிக் கொடுத்தார்.

பொழுதுபோக்காகத் தொடங்கியது சீக்கிரமே கடுமையான பயிற்சியானது. ஆடுகளத்தில் ஆங்காங்கே கைக்குட்டையைப் போடுவார் அப்பா. பந்து அதன்மேல் விழ வேண்டும். விழும்வரை விடமாட்டார். நன்றாக ஆடினால் பாராட்டு. தவறினால் எல்லார் முன்னிலையிலும் திட்டு.

பலன் கிடைத்தது. 1914இல், 15 வயது நிறைந்த சில நாள்களிலேயே, பாரிஸில் நடந்த உலகக் களிமண் தரைப் போட்டியில் விருது வென்றார். அடுத்து விம்பிள்டன்தான் என்று எல்லாரும் எதிர்பார்த்த நேரத்தில் முதலாம் உலகப் போர் மூண்டது. பெரிய போட்டிகள் நின்றுபோயின. ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டே புள்ளி தூரத்தில் தோல்வி

1919. போருக்குப் பிந்திய முதல் விம்பிள்டன். சுசானுக்கு வயது 20. அவரை எதிர்த்தவர் ஏழு முறை அங்கே வென்ற டோரத்தியா லாம்பர்ட் சேம்பர்ஸ். வயது 40. அரசர் ஐந்தாம் ஜார்ஜும் அரசியார் மேரியும் பார்க்க வந்திருந்தார்கள்.

மூன்றாம் செட்டில் சேம்பர்ஸுக்கு இரண்டு மேட்ச் பாய்ண்ட் கிடைத்தன. அதில் ஒன்றை எடுத்திருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். சுசான் இரண்டையும் தடுத்தார். 10-8, 4-6, 9-7 எனும் செட் கணக்கில் வாகை சூடினார். ஆட்டத்தின் நடுவே சோர்ந்தபோது, பிராந்தியில் நனைத்த சர்க்கரைக் கட்டியை அப்பா பார்வையாளர் பகுதியிலிருந்து வீசினாராம்!

ரசிகர்கள் பார்த்தது ஆட்டத்தை மட்டும் இல்லை. அந்தக் காலத்துப் பெண்கள் இடுப்பை இறுக்கும் உள்ளாடையும் நீண்ட பாவாடையும் அணிந்து ஆடுவார்கள். சுசான் கெண்டைக்கால் தெரியும் பாவாடையில், குட்டைக் கையுடன் வந்தார். பாய்ந்தார், தாவினார். சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் டிக்கெட் வாங்க நீண்ட வரிசை நின்றது. 1922இல் விம்பிள்டன் போட்டி இன்றுள்ள பெரிய இடத்துக்கு மாறியதற்கு அவர் இழுத்த கூட்டமும் ஒரு முக்கியக் காரணம்.

ஒரே ஒரு தோல்வி

அடுத்த சில ஆண்டுகளின் கணக்கைப் பாருங்கள்.

1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் ஒற்றையர் பிரிவில் தங்கம். ஆடிய 10 செட்டில் மொத்தமாக விட்டுக்கொடுத்தது 4 கேம் மட்டுமே.

விம்பிள்டன் ஒற்றையர் விருது 1919 முதல் 1923 வரை தொடர்ந்து ஐந்து முறை.

1919 முதல் 1926 வரை ஒற்றையர் ஆட்டத்தில் தோல்வி ஒன்றே ஒன்று.

அந்த ஒரு தோல்வி 1921இல் அமெரிக்காவில் வந்தது. உடல்நலமில்லாமல் போய் இறங்கினார். மோலா மெலோரியிடம் முதல் செட்டை 6-2 என இழந்தார். இரண்டாம் செட் தொடங்கியதும் இருமல் தாங்காமல் விலகினார். நடிக்கிறார் என்று கூட்டம் கேலி செய்தது. அடுத்த ஆண்டு விம்பிள்டன் இறுதியாட்டத்தில் அதே மெலோரியைச் சந்தித்தார். 6-2, 6-0. எடுத்த நேரம் 26 நிமிடம்.

இப்படிப்பட்டவரை வைத்து யாராவது மாற்றிக் கணிப்பார்களா?

1924: நடக்காத அரையிறுதி

அந்த ஆண்டு விம்பிள்டனுக்கு முன்பே சுசானை மஞ்சள் காமாலை தாக்கியிருந்தது. முழுமையாகத் தேறுமுன் களமிறங்கினார்.

காலிறுதியில் எதிரில் எலிசபெத் ரையன். அவர் சுசானின் இரட்டையர் ஜோடி. விம்பிள்டனில் இருவரும் சேர்ந்து ஆடித் தோற்றதே கிடையாது. சுசானின் ஆட்டத்தை அவரளவுக்குத் தெரிந்தவர் யார்?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இன்று முன்னணி ஆட்டக்காரர்கள் தொடக்கச் சுற்றுகளில் மோதாதபடி தரவரிசை பார்த்து அட்டவணை போடுவார்கள். விம்பிள்டனில் அந்த முறை முழுமையாக வந்தது 1927இல்தான். அதற்கு முன் வலுவான இருவர் எந்தச் சுற்றிலும் சிக்கிக்கொள்ளலாம்.

சுசான் ஜெயித்தார். 6-2, 6-8, 6-4. ஆனால் ஒரு செட்டை விட்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை அதுவே செய்தி. உடம்பு அதற்குமேல் ஒத்துழைக்கவில்லை. மருத்துவர் ஆலோசனைப்படி போட்டியிலிருந்து விலகினார்.

அரையிறுதியில் அவரைச் சந்திக்க வேண்டியவர் இங்கிலாந்தின் கிட்டி மெக்கேன். ஒரு பந்துகூட அடிக்காமல் இறுதியாட்டத்துக்குப் போனார். மெக்கேன் யாரென்று கேட்கிறீர்களா? நம் ஊர்ப் பூப்பந்து ரசிகர்களுக்கு ஆல் இங்கிலாந்து போட்டி நன்றாகத் தெரியும். அதில் பெண்கள் ஒற்றையர் விருதை நான்கு முறை வென்றவர் அவர். அதில் ஒன்று அதே 1924இல்.

இறுதியாட்டத்தில் 18 வயது அமெரிக்கர் ஹெலன் வில்ஸ். முதல் செட் வில்ஸுக்கு. இரண்டாம் செட்டிலும் அவர் 4-1 என முந்தினார். அங்கிருந்து மீண்டுவந்து மெக்கேன் ஜெயித்தார். பின்னாளில் வில்ஸ் விம்பிள்டனில் எட்டு முறை விருது வென்றார். அங்கே ஒற்றையரில் அவர் தோற்றது அந்த ஒரு ஆட்டத்தில் மட்டும்தான்.

சுசான் வெல்வார் என்று போட்ட கணிப்பு போச்சு. அடுத்து, வில்ஸ் வெல்வார் என்றதும் போச்சு!

1925: பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

மறு ஆண்டு அதே விம்பிள்டன். அரையிறுதியில் சுசானும் மெக்கேனும். இந்த முறை மெக்கேன் நடப்பு வெற்றியாளர். சுசான் நோயிலிருந்து எழுந்து வந்தவர்.

தாளில் பார்த்தால் நெருக்கமான போட்டி என்று எழுதத் தோன்றும். முடிவு என்ன தெரியுமா? 6-0, 6-0. நடப்பு வெற்றியாளரால் ஒரு கேம்கூட எடுக்க முடியவில்லை.

அந்தப் போட்டி முழுவதிலும் ஒற்றையரில் சுசான் இழந்தது ஐந்தே கேம். இரண்டாம் சுற்றில் ரையன் எடுத்தது இரண்டு. முந்திய ஆண்டு அரும்பாடு படுத்திய அதே ரையன்தான்.

இரண்டு ஆண்டு, அதே ஆள், அதே திறமை. மாறியது உடல்நிலை மட்டுமே.

அப்புறம் என்ன ஆச்சு?

1926 பிப்ரவரியில் பிரான்ஸின் கான் நகரில் சுசானும் வில்ஸும் மோதினார்கள். டிக்கெட் கிடைக்காதவர்கள் மரத்திலும் கூரையிலும் ஏறிப் பார்த்தார்கள். 6-3, 8-6 எனச் சுசான் வென்றார். ஆனால் மூச்சு வாங்கியது. மறுபடி எப்போது மோதுவார்கள் என்று உலகமே கேட்டது. மோதவே இல்லை. சில மாதங்களில் பாரிஸ் போட்டிக்கு வந்த வில்ஸுக்குக் குடல்வால் அழற்சி. அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு விம்பிள்டனில் ஆட்ட நேரம் குறித்துக் குழப்பம். சுசான் உரிய நேரத்துக்கு வரவில்லை. அரசியார் மேரி காத்திருந்து பார்த்தும் ஆட்டம் நடக்கவில்லை. நேற்றுவரை கொண்டாடிய கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் போட்டியிலிருந்து விலகினார். திரும்பவும் அங்கே ஆடவில்லை.

பிறகு அவர் எடுத்த முடிவுதான் அந்தக் காலத்தில் பெரிய அதிர்ச்சி. தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். யோசிச்சுப் பாருங்க. அரங்கம் நிறைகிறது, டிக்கெட் பணம் குவிகிறது, ஆடுபவருக்கு மட்டும் பரிசுப் பணம் கிடையாது. அமெச்சூர் விதி அப்படி. வசதி படைத்தவர்கள் மட்டும்தான் விளையாட வேண்டுமா என்று அவர் வெளிப்படையாகவே கேட்டார். அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போய், மேரி பிரவுனை எதிர்த்து 38 ஆட்டம் ஆடினார். 38இலும் வெற்றி. ஆனால் பணத்துக்காக ஆடியவர் என்று, பழைய போட்டிகளின் கதவு அவருக்கு மூடப்பட்டது. பெரிய போட்டிகளில் தொழில்முறை ஆட்டக்காரர்களை அனுமதித்தது 1968இல்தான்.

அதைப் பார்க்க அவர் இல்லை. பாரிஸில் பயிற்சிப் பள்ளி நடத்திப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். 1938ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி கடுமையான ரத்தசோகையால் காலமானார். வயது 39. இரண்டு நாளுக்கு முன்தான் ஹெலன் வில்ஸ் தமது எட்டாவது விம்பிள்டன் விருதை வென்றிருந்தார்.

சரி, உங்கள் கணிப்புக்கு வருவோம்

அடுத்த முறை அரையிறுதிக்கு யாரைச் சொல்வது என்று யோசிக்கும்போது தரவரிசையைப் பாருங்கள். இருவரும் முன்பு மோதிய கணக்கையும் பாருங்கள். கூடவே இன்னும் இரண்டைக் கவனியுங்கள். காலிறுதியில் யாரோடு ஆடி, எவ்வளவு களைத்து வந்திருக்கிறார்? உடம்பு எப்படி இருக்கிறது? 1924இல் பதில் அங்கேதான் இருந்தது.

இன்னொன்று. அரையிறுதியில் நீங்கள் கழித்துக்கட்டியவரை முழுசாக மறந்துவிடாதீர்கள். 1925இல் ஒரு கேம்கூட எடுக்காமல் வெளியேறிய கிட்டி மெக்கேன், அடுத்த ஆண்டே மீண்டும் விம்பிள்டன் வெற்றியாளர் ஆனார். 1992வரை, 96 வயதுவரை வாழ்ந்தார்.