வீட்டுக் கணக்கு பார்த்த ராஜாஜி

உழைக்க வருவோரைத் திருப்பூர் திருப்பி அனுப்புவது அரிது. தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்து இறங்குபவர்களுக்குக் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என ஏதேனும் ஒரு பிரிவில் இடம் கிடைத்துவிடுகிறது. சனிக்கிழமை மாலை வாரக் கூலியும் கைக்கு வருகிறது. ஆயினும் பல ஆண்டுகள் உழைத்த பின்னும் வாடகை அறையும் வாரத் தவணைக் கடனுமாகவே காலம் தள்ளும் குடும்பங்களை அங்கே தேட வேண்டியதில்லை. வருமானம் வந்தும் வீடு ஏன் நிமிரவில்லை என்பது பின்னலாடை நகரத்தின் பழைய கேள்வி. பின்னலாடைக்கு முன்பிருந்தே இருந்துவரும் கேள்வி. அதற்கு விடை காண ஓர் ஆசிரமத்திலும் பின்னர் ஓர் அரசிலும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி.

அவரைக் கடைசி கவர்னர் ஜெனரலாக, மூதறிஞராக, மகாபாரதத்தையும் ராமாயணத்தையும் எளிய தமிழில் எழுதியவராக, சுதந்திராக் கட்சியின் நிறுவனராக நாம் நினைவில் வைத்திருக்கிறோம். குலக்கல்வித் திட்டத்துக்காக அவரை மன்னிக்காதவர்களும் உண்டு. கொங்கு மண்ணில் ஏழைக் குடியானவர் வீட்டு வரவு செலவை அருகிலிருந்து பார்த்த ராஜாஜி இவற்றுக்கு நடுவே மறைந்துபோனார்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று, கிராம முன்சீப் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் படித்து, 1900-இல் சேலத்தில் வழக்கறிஞரானார். தொழில் செழித்தது. 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார். இளம் வயதிலேயே மனைவியை இழந்து, ஐந்து பிள்ளைகளைத் தாமே வளர்க்கும் நிலை ஏற்பட்டது. 1919-இல் காந்தியடிகளைச் சென்னையில் தம் இல்லத்தில் தங்கவைத்து உபசரித்தார். ஒத்துழையாமை இயக்கத்தில் வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, வேலூர்ச் சிறையில் சில மாதங்கள் கழித்தார். பலரும் அறிந்த இப்பகுதியை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

1925 பிப்ரவரி 6 அன்று திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியது. அதற்கு நிலம் தந்தவர் அவ்வூர் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். திறந்துவைத்தவர் ஈரோடு ஈ.வெ.ராமசாமி நாயக்கர். பின்னாளில் எதிரெதிர் துருவங்களான பெரியாரும் ராஜாஜியும் அன்று ஒரே கதர் மேடையில் நின்றவர்கள் என்பதை இன்றைய தலைமுறைக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அடுத்த மாதமே காந்தியடிகள் அங்கு வந்து சென்றார். சேலத்தில் வசதியாக வாழ்ந்த வழக்கறிஞர், ஆஸ்துமா நோயாளி, நாற்பத்தாறு வயதில் தம் பிள்ளைகளுடன் மின்சாரமில்லாத அந்தக் கிராமத்தில் குடியேறினார்.

காவிரிக்கு இப்புறம் திருப்பூர், ஊத்துக்குளி, அவிநாசி. அப்புறம் திருச்செங்கோடு, புதுப்பாளையம். இரு கரைகளும் மழையை நம்பிய வறண்ட மேட்டு நிலங்கள். மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை, கூலி வேலையும் இல்லை. ஆசிரமம் தொடங்கிய காலத்திலேயே மழை ஏமாற்றியது. உணவுக்கு வழியற்ற குடும்பங்களுக்கு ஆசிரமம் இலவசச் சோறு போடவில்லை. பஞ்சைக் கொடுத்து நூலை வாங்கியது. ராட்டை இப்பகுதிப் பெண்களுக்குப் புதியதன்று. முந்தைய தலைமுறையின் ராட்டைகள் பல வீடுகளில் மூலையில் கிடந்தன; மில் நூல் வந்தபின் அவற்றைத் தொட ஆளில்லாமல் போயிருந்தது.

ஏற்பாடு எளிமையானது. குறித்த நாளில் பெண்கள் நூற்ற நூலைச் சிட்டங்களாகக் கொண்டுவருவார்கள். நூலின் எடையும் தரமும் பார்க்கப்படும். அதற்குரிய கூலியும் அடுத்த தவணைக்கான பஞ்சும் அங்கேயே தரப்படும். நூல் நெசவாளர் வீட்டுத் தறிக்குப் போகும்; நெய்த துணி ஆசிரமத்துக்குத் திரும்பும்; வெளுத்தோ சாயமிட்டோ விற்பனைக்குச் செல்லும். ஒரு வீட்டில் நூற்பவருக்கும் இன்னொரு வீட்டில் நெய்பவருக்கும் ஒரே துணியிலிருந்து வருமானம் கிடைத்தது. வேளாண்மை ஓய்ந்திருக்கும் மாதங்களில் கிடைத்த அந்தச் சில அணாக்கள் அரிசிக்கும் உப்புக்கும் உதவின. அதைவிட முக்கியமாக, அந்தக் கூலி பெண்ணின் கையில் நேரடியாகச் சேர்ந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் அகில இந்திய நூற்போர் சங்கம் உருவானது. அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் அமைந்தது. பருத்திச் சந்தையும் ரயில் நிலையமும் இருந்ததால் தமிழகத்துக் கதர் வணிகம் முழுவதும் அங்கே குவிந்தது; கோவை அய்யாமுத்து போன்றோர் பின்னர் அதை முன்னின்று நடத்தினர். இன்று உலகச் சந்தைக்குப் பனியனும் டி-ஷர்ட்டும் அனுப்பும் நகரம், நாட்டுக்குக் கதர் அனுப்பி வணிகம் பழகிய நகரம். 1932 ஜனவரியில் கொடியை விடாமல் அடிபட்டு மாண்ட குமரனும் சென்னிமலையின் நெசவாளர் வீட்டுப் பிள்ளைதான். தறி சோறு போடாததால் திருப்பூருக்கு வந்து, பஞ்சாலையில் எடை குறிக்கும் வேலை பார்த்தவர். அந்தக் காலத்து நெசவாளர் குடும்பத்தின் நிலையை அறிய அவருடைய வாழ்க்கைக் குறிப்பே போதும்.

ஆனால், ராட்டைக் கூலி மிகக் குறைவு. நாள் முழுதும் நூற்றாலும் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது ஓரிரு அணாக்களே. ஏழைக்குத் துணை வருமானம் என்ற பெயரில் சொற்பக் கூலியை நியாயப்படுத்தலாமா என்ற கேள்வி கதர் இயக்கத்துக்குள்ளேயே எழுந்தது. காந்தியடிகளின் வற்புறுத்தலால் 1935-இல் நூற்போர் சங்கம், நூற்பவரின் அடிப்படைத் தேவையைக் கருதிக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க முடிவு செய்தது. கதரின் விலை ஏறும், விற்பனை குறையும் என்ற அச்சத்தையும் மீறி எடுத்த முடிவு அது. பீஸ் ரேட் கூலியைப் பற்றி இன்று திருப்பூரில் நடக்கும் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் அதே அச்சம் மேசைக்கு வருகிறது.

புதுப்பாளையத்தில் ராஜாஜி கண்டுகொண்டது வேறொன்று. பெண் நூற்றுக் கொண்டுவந்த காசு வீட்டில் தங்கவில்லை. அது வெளியேற இரண்டு வழிகள் இருந்தன: ஒன்று கள்ளுக்கடை, மற்றொன்று வட்டிக்கடை. பல வீடுகளில் முதல் வழியே இரண்டாவதற்கும் இட்டுச் சென்றது. 1929-இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற மாத இதழை ஆசிரமத்திலிருந்து நடத்தினார். இளைஞரான கல்கி கிருஷ்ணமூர்த்தி அதில் அவருக்குத் துணை. வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் குறுக்கிட்டதால் இதழ் நீண்ட நாள் வாழவில்லை. அவர் எழுதிய 'திக்கற்ற பார்வதி' கதையும் இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே. கள்ளும் கடனும் கைகோத்து, உழைக்கும் ஒரு குடும்பத்தை எப்படிக் கலைக்கின்றன என்பதுதான் அதன் பொருள். அவரது மறைவுக்குப் பின் 1974-இல் அது திரைப்படமாகவும் வந்தது.

ஆசிரமத்துக்கு வெளியிலும் எதிர்ப்பு இருந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் அங்கே மற்றவர்களுடன் சமமாக வாழ்ந்ததைச் சுற்றுவட்டாரச் சாதி இந்துக்கள் பலர் ஏற்கவில்லை. நிலம் தந்த ஜமீன்தார் பின்வாங்காதது ஆசிரமத்தின் நற்பேறு.

1937 ஜூலையில் ராஜாஜி மதராஸ் மாகாணத்தின் பிரதமரானார். அன்று மாகாண முதல்வருக்கு அதுவே பெயர். பதவியேற்று மூன்று மாதங்கள் ஆகுமுன், 1937 அக்டோபர் 1 அன்று, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. புதுப்பாளையம் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அடுத்தடுத்து சித்தூர், கடப்பை, வடாற்காடு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. பனையேறிகளின் பிழைப்பு பாதிக்கப்படும் என்பதை அரசு அறிந்திருந்தது. பதநீர் இறக்கவும் வெல்லம் காய்ச்சவும் வழி செய்யப்பட்டது. அது இழப்பை முழுவதும் ஈடுகட்டியதாகச் சொல்ல முடியாது. ஒரு குடும்பத்தை நிலைநிறுத்த எடுத்த நடவடிக்கை இன்னொரு குடும்பத்தைத் தடுமாறவைத்த இடம் அது.

மறு ஆண்டு வந்தது விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். அதன் கணக்குக்கும் அதே 1937 அக்டோபர் 1-ஆம் தேதிதான் எல்லை. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களில் அந்தத் தேதி வரை நிலுவையிலிருந்த வட்டி முழுவதும் தள்ளுபடியானது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கருதப்பட்டது. அதற்கு மேல் ஆண்டுக்கு 6¼ சதவீதத் தனி வட்டிதான். மந்தநிலையில் விளைபொருள் விலை சரிந்து, கடன் மட்டும் அப்படியே நின்ற காலம். வட்டிக்கு வட்டி கட்டிக் களைத்திருந்த குடும்பங்களுக்கு இச்சட்டம் மூச்சு விட இடம் தந்தது.

ஒரே தேதியில் கள்ளுக்கடையும் மூடப்பட்டு, வட்டிக் கணக்கும் நிறுத்தப்பட்டது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால், புதுப்பாளையத்தில் வாழ்ந்தவர் அந்த இரண்டையும் முதல் வேலையாக எடுத்துக்கொண்டதில் தற்செயல் ஏதுமில்லை.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நிலத்தில் உரிமை உள்ளவரே அதன்படி விவசாயி. நிலமற்ற கூலிக்கும், தறியைத் தவிர ஏதுமில்லாத நெசவாளருக்கும் அது பயன்படவில்லை. அவர்கள் வாங்கியது சிறு கடன், வாய்மொழிக் கடன். நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல முடியாத கடன். இன்றைய பின்னலாடைத் தொழிலாளியின் கடனும் பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்ததே.

மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வணிகர்கள் கொதித்தனர். அதே ஆண்டு இறுதியில், போரில் இந்தியாவைக் கேட்காமலே சேர்த்ததை எதிர்த்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. வரி நிலைத்தது, பின்னர் மற்ற மாகாணங்களும் அதைப் பின்பற்றின.

1952-இல் மீண்டும் முதலமைச்சரானபோது தமிழகத்துக் கைத்தறி நெசவாளர்கள் துணி விற்காமல் தவித்துக்கொண்டிருந்தனர். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடினார். அவர் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. மில்களின் வேட்டி உற்பத்திக்குக் கட்டுப்பாடும், மில் துணி மீது தீர்வை விதித்துக் கைத்தறியை வளர்க்கும் 1953-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. சுதந்திரச் சந்தையின் குரலாகப் பிற்காலத்தில் அறியப்பட்டவர் நெசவாளர் விஷயத்தில் சந்தையை நம்பவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அதே ஆட்சியில்தான் அவர் பெரிய தவறும் செய்தார். 1953-இல் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றார். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத காலத்தில் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கும் வழியாக அவர் அதைக் கருதியிருக்கலாம். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றழைத்தனர். அந்தப் பெயர் பொருந்தியது. நெசவாளர் வீட்டையும் குயவர் வீட்டையும் அவற்றின் தொழிலுக்குள்ளேயே நிமிர்த்திவிடலாம் என்று நம்பியவருக்கு, அந்த வீட்டுப் பிள்ளைகள் அத்தொழிலை விட்டு வெளியேற விரும்புவது தெரியவில்லை. கதர் நூற்ற கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொள்வது போல் அது தோன்றியது. திறந்த ஆசிரமத்தின் சமத்துவத்தைக் கண்டவருக்கே இது புலப்படாதது வியப்புதான். 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார்; காமராஜர் முதல்வராகி அத்திட்டத்தைக் கைவிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் திறந்த பள்ளிகளில் படித்த விவசாயி வீட்டுப் பிள்ளைகள் பலர், பின்னர் திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளிகளானார்கள்.

1971-இல் தமிழக அரசு மதுவிலக்கை நீக்க முடிவெடுத்தபோது ராஜாஜிக்கு வயது 92. முதல்வர் மு. கருணாநிதியின் இல்லத்துக்கு நேரில் சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி அரசு தன் முடிவில் நின்றது. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி சென்னையில் காலமானார். இடையில் மதுக்கடைகள் மூடப்பட்டு, மீண்டும் திறக்கப்பட்டன. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றது. மதுவுக்கு மாற்றாக அவர் கொண்டுவந்த விற்பனை வரியை அரசு கைவிடவில்லை. இரண்டு வருவாயும் இப்போது ஒரே கருவூலத்துக்குப் போகின்றன. சனிக்கிழமை மாலைகளில் திருப்பூர் வீதிகளிலிருந்தும்.