டோங் அச்சூ

டோங் அச்சூ (இறப்பு: 1783 அளவில்) 18ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் குடியேறிய சீன வணிகர் ஆவார். நவீன காலத்தில் இந்தியாவில் அமைந்த முதல் சீனக் குடியிருப்பை நிறுவியவராகக் கருதப்படுகிறார். கொல்கத்தாவுக்குத் தென்மேற்கே, பட்ஜ் பட்ஜ் நகருக்கு அருகிலுள்ள அச்சிப்பூர் என்னும் ஊர் இவரது பெயரால் அழைக்கப்படுகிறது. கொல்கத்தாச் சீனர்கள் ஆண்டுதோறும் வசந்த விழாவின்போது இவரது சமாதியில் வழிபடுகின்றனர்.

சர்க்கரை ஆலை

அச்சூவுக்குத் தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஹூக்ளி ஆற்றங்கரையில் 650 பிகா நிலத்தை ஆண்டுக்கு 45 ரூபாய் வாடகைக்கு வழங்கினார். குதிரையில் ஒரே நாளில் சுற்றிவந்த நிலம் முழுவதும் இவருக்குக் கிடைத்தது என்ற செவிவழிக் கதையும் உண்டு. அச்சூ அங்கே கரும்பு பயிரிட்டு, சர்க்கரை ஆலை அமைத்து, சீனாவிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்தார். மக்காவுக் கப்பல்களிலிருந்து தப்பிவந்து கல்கத்தாவில் தங்கியிருந்த சீனர்கள் தம் தொழிலாளர்களைக் கலைத்து அழைத்துச் செல்வதாக ஆங்கிலேய அரசிடம் முறையிட்டார். அதைத் தடுக்க 1781இல் அரசு அறிவிப்பு வெளியிட்டது. சில ஆண்டுகளிலேயே அச்சூ இறந்தார். ஆலையும் நிலைக்கவில்லை. தொழிலாளர்கள் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தனர்.

வசந்த விழா

சீன நாட்காட்டியின் முதல் மாத அமாவாசையன்று, அதாவது சனவரி பிற்பகுதிக்கும் பெப்ரவரி பிற்பகுதிக்கும் இடையே, சீனப் புத்தாண்டு பிறக்கிறது. ஆண்டின் முதல் மாதம் எது என்பதை ஹான் பேரரசர் வூ கி.மு. 104இல் நாட்காட்டியைத் திருத்தி நிலைப்படுத்தினார். சீனக் குடியரசு 1912இல் கிரெகொரியின் நாட்காட்டியை ஏற்றபின், பழைய புத்தாண்டுக்கு வசந்த விழா என்ற பெயர் வழங்கலாயிற்று. வீட்டைத் தூய்மை செய்தல், புத்தாண்டுக்கு முந்திய இரவில் குடும்பத்தினர் கூடி உண்ணுதல், சிறுவர்களுக்குச் சிவப்பு உறையில் பணம் அளித்தல், பட்டாசு வெடித்தல், முன்னோரை வணங்குதல் ஆகியன இதன் முக்கிய வழக்கங்களாகும். 15ஆம் நாள் விளக்குத் திருவிழாவுடன் இது நிறைவடைகிறது.

அச்சிப்பூர் வழிபாடு

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த தலைமுறைகளுக்குச் சீனாவிலுள்ள மூதாதையரின் கல்லறைகள் எட்டாதவை. எனவே கொல்கத்தாச் சீனர்கள் அச்சூவையே பொது முன்னோராகக் கொண்டனர். குதிரை இலாட வடிவில் சிவப்பு வண்ணம் பூசப்பட்ட அவரது சமாதி ஆற்றங்கரையில் உள்ளது. புத்தாண்டையொட்டி அங்கும், ஊரிலுள்ள நிலத்தெய்வக் கோவிலிலும் ஊதுவத்தி, மெழுகுவத்தி ஏற்றி, உணவு படைத்து, காகிதப் பணம் எரிக்கின்றனர்.

1962ஆம் ஆண்டு இந்திய-சீனப் போரின்போது சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேர் இராசத்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். பின்னர் பலர் கனடா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். கொல்கத்தாவில் சீனர் தொகை பெரிதும் குறைந்துவிட்டபோதிலும் இவ்வழிபாடு தொடர்கிறது.