விழியிழந்த விஞ்ஞானி

சென்ற பருவத் தேர்வு முடிந்த மறு வாரம், விடுதியில் என் அறைத் தோழன் விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட ஒரு கணினித் திரையை வாங்கி வந்தான். அதில் ஒரு புது வசதி இருந்தது. அதை இயக்கிவிட்டால் திரையின் பின்னால் உள்ள விளக்கு ஓயாமல் எரியாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறை மின்னி அணையும். அதை இயக்கியதும், விரைந்தோடும் காரின் எண் பலகையைக்கூட எங்களால் வாசிக்க முடிந்தது. இருவரும் வியந்தோம். ஆனால் திரையின் ஒளி மங்கிவிட்டது. அரை மணி நேரத்தில் எனக்குத் தலைவலி வந்தது. தோழனுக்கோ ஒன்றும் இல்லை. பழகிவிடும் என்று எண்ணி, வலியைப் பொறுத்துக்கொண்டு நான்கு இரவுகள் ஆடினேன். பழகவில்லை.

பௌதிகம் படிக்கும் மாணவன் அல்லவா? காரணம் தேடப் புகுந்தேன். திரையில் தொடங்கிய தேடல் சினிமாவுக்குச் சென்றது. சினிமாவிலிருந்து ஓர் அட்டைச் சக்கரத்துக்குச் சென்றது. கடைசியில் ஒரு மனிதரிடம் வந்து நின்றது. அவர் பெயர் ஜோசப் பிளாத்தோ. கிரேக்க ஞானி பிளேட்டோ அல்லர். பெல்ஜிய நாட்டுப் பௌதிகப் பேராசிரியர். அவருடைய வரலாற்றை நம் சங்க நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை. இதில் நான் திருத்திக்கொள்ள வேண்டிய பிழை ஒன்றும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பிளாத்தோ 1801ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். அன்று பெல்ஜியம் என்றொரு நாடே இல்லை. அந்நகரம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1830இல்தான் பெல்ஜியம் தனி நாடாயிற்று. தந்தை ஓர் ஓவியர். மலர்களை வரைவதில் வல்லவர். மகனும் தூரிகை ஏந்த வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கெனச் சிறுவனை ஓவியப் பள்ளிக்கும் அனுப்பினார். ஆனால் விதி வேறு விதமாக இருந்தது. பதினான்கு வயதிற்குள் தாயும் தந்தையும் மறைந்தனர். தாய்மாமன் ஒருவர் அவரை ஏற்று வளர்த்தார். அவர் வழக்கறிஞர், மருமகன் சட்டம் படிக்க வேண்டும் என்று விரும்பினார்.

ஓவியமும் வெல்லவில்லை, சட்டமும் வெல்லவில்லை. பிரஸ்ஸல்ஸில் கணிதம் கற்பித்த கெத்தலே என்ற ஆசிரியரே வென்றார். வானியலிலும் புள்ளியியலிலும் பின்னர்ப் பெரும்புகழ் பெற்றவர் அவர். மாணவனின் மனம் எங்கே நிற்கிறது என்பதை உணர்ந்து, அவரை அறிவியலின் பக்கம் திருப்பினார். பிற்காலத்தில் இருவரும் வாழ்நாள் நண்பர்கள் ஆயினர். லியேஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிளாத்தோ, படித்துக்கொண்டே பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்துப் பிழைத்தார். 1829இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் என்ன? பார்வையின் நிலைப்பு. கார்த்திகைத் திருநாளில் நம் ஊர்ச் சிறுவர்கள் மாவளி சுற்றுவதைக் கண்டிருப்பீர்கள். நெருப்புப் பொறி ஒன்றே. ஆயினும் கண்ணுக்குத் தெரிவது வட்டம். கொள்ளிவட்டம் என்று நம் முன்னோர் இதற்குப் பெயரே வைத்திருந்தனர். பொறி நகர்ந்துவிட்ட பின்னும் அதன் பதிவு கண்ணில் சிறிது நேரம் நிற்கிறது. அந்தச் சிறிது நேரம் எவ்வளவு? வண்ணப் பட்டைகள் ஒட்டிய சக்கரங்களைச் சுழற்றி, பிளாத்தோ அதனை அளந்தார். ஏறத்தாழ நொடியில் மூன்றில் ஒரு பங்கு என்று கண்டார். நிறத்திற்கும் ஒளியின் வலிமைக்கும் ஏற்ப அது மாறும் என்றும் கண்டார்.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் அவருடைய முதற்கருவி அவர் கண்ணே. அதே 1829ஆம் ஆண்டில், வலிமை மிக்க ஒளி விழித்திரையை என்ன செய்யும் என்றறிய, நடுப்பகற் சூரியனை 25 நொடிகள் இமைக்காமல் நோக்கினார். சில நாட்கள் பார்வை குன்றியிருந்தது, பின்னர் மீண்டது. இந்த 25 நொடிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1832ஆம் ஆண்டின் இறுதி. இங்கிலாந்தில் பாரடே என்ற பேரறிஞர், சுழலும் பற்சக்கரங்களைப் பற்றி முந்திய ஆண்டு எழுதியிருந்தார். ஒரு சக்கரத்தின் பற்களுக்கிடையே மற்றொரு சக்கரத்தைப் பார்த்தால், ஓடுகின்ற சக்கரம் நிற்பதுபோலத் தோன்றும். அதைக் கற்ற பிளாத்தோவின் மனத்தில் ஓர் எண்ணம் மின்னியது. நிற்பதாகக் காட்ட முடியுமானால், நிற்கும் படங்களை ஆடுவதாகவும் காட்ட முடியாதா?

ஒரு வட்ட அட்டையை எடுத்தார். ஓரத்தில் சம இடைவெளியில் 16 சிறு பிளவுகள் வெட்டினார். ஒரு பக்கத்தில், சுழன்றாடும் ஓர் உருவத்தின் 16 நிலைகளை வரிசையாக வரைந்தார். தந்தை ஊட்டிய ஓவியக் கல்வி இங்கே கை கொடுத்தது. நிலைக்கண்ணாடியின் முன் நின்று, படங்கள் கண்ணாடியை நோக்கியிருக்குமாறு அட்டையைப் பிடித்துச் சுழற்றி, பிளவுகளின் வழியே பார்த்தார். உருவம் உயிர் பெற்று ஆடியது! வியன்னாவில் ஸ்டாம்பர் என்ற பேராசிரியரும் ஏறக்குறைய அதே நாட்களில், இவரை அறியாமலே, இதே கருவியைக் கண்டுபிடித்தார். கண்ணை ஏமாற்றுவது என்னும் பொருள்படக் கிரேக்க மொழியில் பெயர் பெற்ற இந்த அட்டை, 1833இல் லண்டன் முதலிய நகரங்களில் விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்தது. சினிமாவின் முதல் விதை அதுவே.

நண்பர்களே, என் தலைவலிக்கும் அந்த அட்டைக்கும் என்ன தொடர்பு? பிளவில்லாமல், சுழலும் படங்களை நேரே பார்த்தால் என்ன தெரியும்? சாம்பல் நிற வளையம் ஒன்றுதான் தெரியும். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டுக் கலந்துவிடும். பிளவு செய்யும் வேலை, பெரும்பாலான நேரம் மறைத்து, ஒரு கணம் மட்டும் காட்டுவது. அந்தக் கணம் குறுகக் குறுக, படம் தெளியும். ஆனால் குறுகிய பிளவில் நுழையும் ஒளியும் குறைவே. பிளவை அகலமாக்கினால் வெளிச்சம் கூடும், உருவம் கலங்கும். மெல்லச் சுழற்றினால் கண்ணை உறுத்தும் சிமிட்டல் தோன்றும். விரைந்து சுழற்றினால் சிமிட்டல் மறையும். தெளிவும், ஒளியும், அமைதியும் ஆகிய மூன்றும் ஒருங்கே முழுமையாகக் கிட்டுவதில்லை.

ஒளி எவ்வளவு குறையும் என்பதற்கும் கணக்கு உண்டு. இங்கிலாந்தில் டால்பட் என்பவர் 1834இல் ஒரு விதியைக் கூறினார். மறு ஆண்டு பிளாத்தோ அதனை ஆராய்ந்து நிறுவினார். சிமிட்டல் தெரியாத அளவு விரைந்து மின்னும் விளக்கின் ஒளி, எரியும் நேரத்துக்கும் முழு நேரத்துக்கும் உள்ள விகிதத்தில் குறைந்து தோன்றும். பத்தில் ஒரு பங்கு நேரமே எரிந்தால், பத்தில் ஒரு பங்கு ஒளியே தெரியும். இன்றளவும் இதற்கு டால்பட்-பிளாத்தோ விதி என்றே பெயர்.

தோழனின் திரைக்கு வருவோம். சாதாரணத் திரை நொடிக்கு 60 படங்கள் காட்டுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு படமும் அடுத்தது வரும்வரை, அதாவது சுமார் 16.7 மில்லி நொடி, அசையாமல் நிற்கிறது. நம் கண்ணோ ஓடும் பொருளைத் தொடர்ந்து வழுக்கிச் செல்கிறது. படம் நிற்க, கண் நகர, விழித்திரையில் படம் இழுபடுகிறது. நொடிக்கு 960 புள்ளி தூரம் ஓடும் பொருள் 16 புள்ளி அகலத்துக்குக் கலங்கும். பின்விளக்கை ஒவ்வொரு படத்துக்கும் 1 மில்லி நொடி மட்டும் மின்னச் செய்தால், கலக்கம் ஒரு புள்ளி அளவுக்குச் சுருங்கும். பிளாத்தோவின் பிளவு இது! ஆனால் விளக்கின் வலிமையைக் கூட்டாவிட்டால், ஒளியும் ஏறத்தாழ 16இல் ஒரு பங்காகும். நொடிக்கு 60 முறை மின்னினால் சிமிட்டலைப் பலர் கண்டுகொள்வர். 120 முறை மின்னும்போது பெரும்பாலோர்க்கு அது தெரியாது. ஆயினும் தெரியாமலே தலை வலிப்பவர்கள் உண்டு. நான் அவர்களில் ஒருவன்.

இன்னொன்று. படமொன்றுக்கு மின்னல் ஒன்று என்ற கணக்கு தவறினால், ஒரே படம் இருமுறை மின்னி, ஓடும் பொருள் இரட்டையாகத் தெரியும். சிமிட்டலைக் குறைக்க மின்னலை இரட்டிப்பதும் எளிய வழி அன்று. சிமிட்டல் போகும், இரட்டை உருவம் வந்து சேரும். ஓவியங்களின் எண்ணிக்கையும் பிளவுகளின் எண்ணிக்கையும் பொருந்தவேண்டும் என்று பிளாத்தோ 1832இல் கண்டதும் இதுவேதான்.

அட்டையின் கதை இத்துடன் நிற்க. 1835இல் பிளாத்தோ கெண்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியரானார். 1840இல் மணம் புரிந்தார். மறு ஆண்டு ஆண் குழந்தை பிறந்தது. வாழ்வு மலர்ந்ததாகத் தோன்றிய அந்த 1841ஆம் ஆண்டிலேயே இரு கண்களிலும் கடுமையான அழற்சி கண்டது. பார்வை மெல்ல மெல்ல மங்கியது. 1843இல் முற்றும் இருண்டது. கண்ணைப் பற்றியே ஆராய்ந்தவர், நாற்பத்திரண்டாம் வயதில் கண்ணை இழந்தார்.

அதன்பின் அவர் வாழ்ந்தது நாற்பது ஆண்டுகள். அந்த நாற்பது ஆண்டுகளை அவர் எப்படிக் கழித்தார் என்பதுதான் என் நெஞ்சைத் தொட்ட பகுதி. எண்ணெய்த் துளியை, அதே அடர்த்தியுள்ள சாராயமும் நீரும் கலந்த கலவையில் மிதக்கவிட்டால், அது உருண்டையாகத் திரளும். கம்பிச் சட்டங்களைச் சோப்பு நீரில் முக்கி எடுத்தால், மெல்லிய சவ்வுகள் விந்தையான வடிவங்களில் நிற்கும். இவற்றை ஆராய்ந்தார் பிளாத்தோ. காண முடியாதவர் எப்படி ஆராய்ந்தார்? சோதனையை அவர் மனத்தில் அமைப்பார், மனைவியும், மகன் பெலிக்ஸும், மருமகன் வான் டெர் மென்ஸ்பிரூக்கேயும், உடன் உழைத்த நண்பர்களும் கைகளால் செய்வர், கண்டதைச் சொல்வர். அவர் கேட்பார், மறுபடி வினவுவார், முடிவு காண்பார்.

சோப்புச் சவ்வுகள் ஒன்றையொன்று சந்திக்கும்போது எப்போதும் மூன்று சவ்வுகளே ஒரு கோட்டில் கூடும். அவற்றிடையே உள்ள கோணம் 120 பாகை. அத்தகைய கோடுகள் நான்கு ஒரு புள்ளியில் கூடும். அங்குள்ள கோணம் சுமார் 109.5 பாகை. இவை பிளாத்தோ விதிகள். 1873இல் இரண்டு பாகங்களாக வெளிவந்த அவருடைய பெருநூலில் இவை உள்ளன. இந்த விதிகளுக்குக் கணித முறையில் நிறைவான நிரூபணம் தந்தவர் ஜீன் டெய்லர் என்ற அமெரிக்கப் பெண்மணி, ஆண்டு 1976. பார்வையற்றவர் சொன்னதைக் கணிதம் எட்டிப் பிடிக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. முதுமையில் அவர் மேற்கொண்ட மற்றொரு வேலையையும் சொல்லவேண்டும். காட்சியின் மாயங்களைப் பற்றி அதுவரை அறிஞர்கள் எழுதியவற்றையெல்லாம் திரட்டி ஒரு நூல்விவரப் பட்டியல் தொகுத்தார். கண்ணின் மேல் அவருக்குச் சினம் இல்லை.

1883ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் கெண்ட் நகரில் அவர் மறைந்தார். லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் வாங்கித் திரைப்படம் காட்டியது 1895இல். தம் அட்டை எதுவாக வளர்ந்தது என்பதை அறிய அவருக்கு வாய்ப்பில்லை.

இனி என் பிழை. சென்ற ஆண்டு நம் சங்கக் கூட்டத்தில், அறிவியலுக்காகச் சூரியனைப் பார்த்துக் கண்ணைக் காணிக்கையாக்கிய தியாகி என்று பிளாத்தோவைப் புகழ்ந்து பேசினேன். கைதட்டலும் கிடைத்தது. பல நூல்கள் அப்படித்தான் சொல்கின்றன. பிளாத்தோவே அப்படித்தான் நம்பினார். ஆனால் பிற்காலத்தார் அவருடைய நோயை ஆராய்ந்து, அது நாள்பட்ட கண் அழற்சியாக இருக்கவேண்டும் என்று கருதுகின்றனர். எண்ணிப் பார்த்தால் அதுவே பொருந்துகிறது. சூரியன் சுடுவது விழித்திரையின் நடுப்பகுதியை. அந்தக் கேடு உடனே தெரியும். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து இரு கண்களையும் முழுதும் அவிப்பதில்லை. 25 நொடிகள் அவரைக் குருடாக்கவில்லை. அவை வீர நொடிகளும் அல்ல. ஓர் இளைஞனின் அவசர நொடிகள்.

இதனால் அவர் பெருமை குறைந்ததா? இல்லை, என் மதிப்பில் கூடியது. அவர் பெருமை கண்ணை இழந்ததில் இல்லை; இழந்த பின் பிறர் கண்களை நம்பி உழைத்ததில் இருக்கிறது. வலியைத் தாங்குவதே உழைப்பு என்று எண்ணி நாம் எத்தனை இரவுகள் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறோம்! ஆராய்ச்சிக் கூடத்திலும் சரி, விளையாட்டிலும் சரி, உடல் ஓர் எச்சரிக்கை விடுத்தால் அதுவும் ஓர் அளவீடே. அளவீட்டைப் புறக்கணிப்பவன் எப்படி விஞ்ஞானி ஆவான்?

இப்போது எங்கள் அறையில் ஓர் உடன்பாடு. தோழன் ஆடும்போது விளக்கு மின்னும். நான் அமரும்போது அதை நிறுத்திவிடுவான். ஓடும் காரின் எண் எனக்குச் சற்றுக் கலங்கித்தான் தெரிகிறது. தெரியட்டும். வேண்டுமானால், வாசித்துச் சொல்லத் தோழன் பக்கத்திலேயே இருக்கிறான்.