இராமசந்திர பந்த் அமாத்தியர்

நாம் பிழைப்பை நாடி வந்து குடியேறிய இம்மராட்டிய நாட்டில் சிவாஜி மகாராஜாவின் பெயரை அறியாத குழந்தை இல்லை. ஆயினும் அவருடைய அமைச்சர் எண்மரையும் அறிந்தோர் நம்மவருள் மிகச் சிலரே. அவ்வெண்மருள் கணக்குப் பொறுப்பை ஏற்றிருந்தவர் இராமசந்திர நீலகண்டர். பேரேட்டோடு காலங்கழிக்கும் நாம் அவர் வரலாற்றை எழுதப் புகுந்ததில் வியப்பில்லை.

1674ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் இராய்கட் கோட்டையில் சிவாஜி முடிசூடியபோது அஷ்ட பிரதானர் என்னும் அவை முழு உருப்பெற்றது. மஜும்தார் என வழங்கிய பாரசீகப் பதவிப்பெயர் அன்று அமாத்தியர் என மாறியது. பேஷ்வா மோரோபந்த் போன்ற மூத்தோர் நடுவே அப்பதவியில் அமர்ந்த இராமசந்திரருக்கு வயது ஏறக்குறைய இருபத்துநான்கு. நாட்டின் வரவு செலவு முழுவதையும் தணிக்கை செய்வது அவர் கடமை. அமைச்சர்க்கு ஊதியம் ரொக்கமாகவே தரப்பட்டது. ஊழியத்துக்காக நிலம் வழங்குவதைச் சிவாஜி விரும்பவில்லை. இதனை வாசகர்கள் நினைவிற் கொள்க.

சிவாஜி 1680இல் மறைந்தார். 1689இல் ஔரங்கசீப் சம்பாஜியைக் கொல்வித்தான், இராய்கட்டும் வீழ்ந்தது. இளையவர் இராஜாராம் தப்பிச் சென்று புகலடைந்த இடம், திண்டிவனத்துக்கு மேற்கே உள்ள நம் செஞ்சிக் கோட்டையே. தாயகத்தைக் காக்கும் பொறுப்பு இராமசந்திரர்மேல் விழுந்தது. ஹுகுமத் பனாஹ் என்னும் பட்டத்துடன், அரசனைக் கேளாமலே ஆணையிடும் அதிகாரமும் அவருக்கு அளிக்கப்பட்டது. சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்னும் தளபதியர் மொகலாயப் படையை ஓயாது அலைக்கழித்தனர்.

கருவூலமோ வெறுமை. முகலாயரோ நிலமும் பட்டமும் காட்டித் தேஷ்முகர்களை இழுத்துக்கொண்டிருந்தனர். அவர்களைத் தம் பக்கம் நிறுத்த மராட்டியத் தரப்பும் நிலமானியம் வழங்க நேர்ந்தது. சிவாஜி வகுத்த நெறி அவர் வளர்த்த அமைச்சர் காலத்திலேயே தளர்ந்தது. இதனைக் குறை கூறுவோர் உளர். பணமின்றிப் போர் நடத்த வேறு வழி யாது என்று நாம் கேட்கிறோம். ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகைக்குப்பின் 1698இல் செஞ்சி வீழ்ந்தது. ஆனால் இராஜாராம் அதற்குமுன்பே தப்பி வெளியேறிவிட்டார். திரும்பிவர அவருக்கு ஒரு நாடும் இருந்தது.

1700இல் இராஜாராம் இறந்தபின் இராமசந்திரர் தாராபாயின் பக்கம் நின்றார். 1707இல் சாகு விடுதலை பெற்று வந்தபோது பலர் அவரிடம் சென்றனர். இவரோ கோல்ஹாப்பூர்ப் பக்கமே தங்கினார். 1714இல் இரண்டாம் சம்பாஜி அங்கே அரசரானார். அவருக்கு அரசியல் நெறி உணர்த்த எழுந்த ஆக்ஞாபத்திரம் என்னும் நூல் அமாத்தியர் இயற்றியதென்பர்.

கப்பலுக்கு மரம் தேவையாயினும் குடிகள் வளர்த்த மாவையும் பலாவையும் வெட்டலாகாது, முதிர்ந்த மரமாயினும் உடையவன் இசைந்தபின் விலை கொடுத்தே வாங்க வேண்டும் என அந்நூல் விதிக்கிறது. ஐரோப்பிய வணிகர்க்குக் கடற்கரையில் இடங்கொடுத்தல் ஆபத்து எனவும் எச்சரிக்கிறது. பரம்பரை நிலமுடைய வதன்தாரர்களைப் பற்றியே அது மிகக் கடுமையாகப் பேசுகிறது. ஒவ்வொருவரும் தத்தம் ஊருக்குச் சிற்றரசராகி அரசை அரித்துவிடுவர் என்பது அதன் அச்சம்.

1716இல் பன்ஹாளாவில் அமாத்தியர் காலமானார். பாவ்டா ஜாகிர் அவருடைய வழியினரிடமே நெடுங்காலம் இருந்து வந்தது.