சத்தத்தை அடக்க வந்த மகன்: ஹைரம் பெர்சி மேக்சிம்

குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுக்கு அருகே ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை உண்டு. அங்கு வரும் இளைஞர்கள் சிலர் சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறு குழாய் மாட்டிக்கொண்டு போவார்கள். இரவில் அந்தச் சத்தம் சுண்ணாம்புக் குன்றுகளில் மோதித் திரும்பி வரும். எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்கும் என் மகள் காதைப் பொத்திக்கொள்வாள். சைலன்சரைக் கண்டுபிடித்தது யார் என்று ஒருநாள் அவள் கேட்டாள். வண்டிக் குழாயைப் பற்றித் தேடத் தொடங்கிய நான், துப்பாக்கியின் சத்தத்தை அடக்கிய ஒரு மனிதரின் கதையில் வந்து நின்றேன். அவர்தான் ஹைரம் பெர்சி மேக்சிம்.

பெர்சி 1869 செப்டம்பர் 2-ஆம் நாள் அமெரிக்காவின் புரூக்ளினில் பிறந்தார். தந்தை ஹைரம் ஸ்டீவன்ஸ் மேக்சிம், உலகப் புகழ்பெற்ற மேக்சிம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். நிமிடத்திற்குச் சுமார் 600 குண்டுகளைச் சுடும் அந்த ஆயுதம், ஆப்பிரிக்காவில் ஆங்கிலேயர் நாடு பிடிக்கப் பெரிதும் உதவியது. அதே துப்பாக்கியின் ஓயாத வெடிச்சத்தம் தந்தையின் செவித்திறனைப் பறித்துவிட்டது.

பெர்சி சிறுவனாக இருந்தபோதே தந்தை குடும்பத்தைப் பிரிந்து இங்கிலாந்துக்குப் போய்விட்டார். தாயின் அரவணைப்பில் வளர்ந்த பெர்சி, 17 வயது நிறைவதற்குள் 1886-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படிப்பை முடித்தார்.

1892-இல் ஓர் இரவு சைக்கிள் மிதித்து வீடு திரும்பும்போது, கால்களுக்குப் பதிலாக ஒரு சிறு இயந்திரம் இந்த வேலையைச் செய்தால் என்ன என்று யோசித்தார். வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில் பெட்ரோல் இயந்திரம் ஒன்றைச் செய்து, அதை மூன்று சக்கர வண்டியில் பொருத்தினார். அந்தத் திறமையே 1895-இல் ஹார்ட்ஃபோர்ட் நகரில் கார் தயாரிக்கும் பணியை அவருக்குப் பெற்றுத் தந்தது.

அடுத்து அவர் கவனம் சத்தத்தின் பக்கம் திரும்பியது. துப்பாக்கி ஏன் வெடிக்கிறது? குண்டுக்குப் பின்னால் மிகுந்த அழுத்தத்தோடு வரும் வாயு, குழல் முனையில் சட்டென்று விரிவதே காரணம். குளியல் தொட்டியில் தண்ணீர் சுழன்று சுழன்று மெல்ல வடிவதைப் பார்த்தபோது அவருக்கு வழி தோன்றியதாகச் சொல்வார்கள். வாயுவையும் அப்படிச் சுழலவிட்டு மெதுவாக வெளியேற்றினால் சத்தம் குறையும் அல்லவா? அந்த எண்ணத்தில் உருவான கருவிக்கு 1909 மார்ச் 30-இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் ஒலியைவிட வேகமாகப் பாயும் குண்டு காற்றைக் கிழிக்கும் ஒலியை எந்தக் குழல்முனைக் கருவியாலும் நிறுத்த முடியாது.

பயிற்சியின்போது சுடுபவரின் காதும் அக்கம்பக்கத்தாரின் அமைதியும் காக்கப்படும் என்று பெர்சி நம்பினார். முன்னாள் அதிபர் தியோடோர் ரூஸ்வெல்ட்கூட அதை வாங்கிப் பயன்படுத்தினார். ஆனால், குற்றவாளிகள் ஓசையின்றிச் சுடுவார்களே என்ற அச்சமும் கூடவே வளர்ந்தது. சில மாநிலங்கள் அதைத் தடை செய்தன. 1934-இல் வந்த மத்திய அரசுச் சட்டம், பதிவைக் கட்டாயமாக்கி 200 டாலர் வரியும் விதித்தது. அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை.

பெர்சியின் கருவி கழற்றி மாட்டக்கூடியது. கழற்றுவதா, நிரந்தரமாகப் பொருத்துவதா என்பது இன்று அங்கே சட்டப் பிரச்சினையாகவே இருக்கிறது. ரைபிள் குழல் 16 அங்குலத்திற்குக் குறைந்தால் தனிப் பதிவு வேண்டும். முனையில் உள்ள கருவி பற்றவைக்கப்பட்டு, கழற்ற முடியாதபடி இருந்தால்தான் அதன் நீளமும் கணக்கில் சேரும். நம் நாட்டிலோ உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதே பெருங்குற்றம்.

துப்பாக்கிக் கருவிக்கு எதிர்ப்பு வந்தபோது பெர்சி சோர்ந்துவிடவில்லை. அவருடைய நிறுவனம் அதே தத்துவத்தை வைத்து, இயந்திரங்களின் இரைச்சலைக் குறைக்கும் கருவிகளைத் தயாரித்தது. ஆயுதத்தில் பிறந்த அறிவு தொழிற்சாலைக்குப் பயன்பட்டது.

அவருக்கு இன்னோர் ஆர்வமும் இருந்தது, வானொலி. 1914-இல் ஹார்ட்ஃபோர்டிலிருந்து அருகிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அவருடைய செய்தி எட்டவில்லை. இடையில் இருந்த இன்னொரு வானொலி ஆர்வலர் அதை வாங்கி அனுப்பி உதவினார். ஒருவர் கைமாற்றி ஒருவராக அனுப்பினால் நாடு முழுவதும் செய்தி போகுமே என்று எண்ணி, கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞருடன் சேர்ந்து அமெரிக்க அமெச்சூர் வானொலிச் சங்கத்தைத் தொடங்கினார். 1925-இல் பாரிஸில் அனைத்துலக அமெச்சூர் வானொலி ஒன்றியம் உருவானபோது அவரே முதல் தலைவரானார். நம் நாட்டின் மார்ட்ஸ் சங்கமும் இன்று அதில் ஓர் உறுப்பினர்.

1936 பிப்ரவரி 17-இல், 66-ஆம் வயதில் பெர்சி மறைந்தார். அவருடைய அழைப்புக் குறியீட்டை அந்தச் சங்கத்தின் நிலையம் இன்றும் பயன்படுத்துகிறது.

மாணவர்களே, ஒரே வீட்டில் பிறந்த இரண்டு அறிவுகளைப் பாருங்கள். தந்தையின் கண்டுபிடிப்பு அவர் காதையே கெடுத்தது. மகனோ அடுத்தவர் காதையும் நினைத்துப் பார்த்தார். ஒரு கதவு மூடியபோது வேறு வேலைக்குத் தன் அறிவைத் திருப்பினார். இந்தக் கதையைக் கேட்டு முடித்ததும் என் மகள், பட்டறை அண்ணன்களுக்கும் இதைச் சொல்லுங்கள் அப்பா என்றாள். அடுத்த வாரம் என் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றப் போகிறேன். அப்போது சொல்லத்தான் போகிறேன்.